சாட்சி சொன்ன கால்

ஜெபம் நடக்கும்போது ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டால் வாசலில் கிடக்கிற செருப்பை யார் பார்ப்பது? பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சட்டையில் குறையே தென்படவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பேன்.

என் மகளின் கோச் அப்படி ஒரு சட்டை. தாம்பரத்தில் ஒரு மைதானத்தில் காலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறார். ஒரு காலத்தில் நன்றாக ஓடியவராம், இப்போது ஏதோ அலுவலகத்தில் வேலை. கத்த மாட்டார். பெண்பிள்ளைகளிடம் தள்ளி நின்றே பேசுவார். பீஸ் என்று யாரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பிள்ளைகளையும் பெற்றவர்களையும் கூட்டி, மைதானத்து ஓரத்தில் பாய் விரித்து உட்காரவைத்து ஜெபம் வேறு. ஒரு பாட்டு, ஒரு வசனம், கொஞ்சம் பேச்சு, பிறகு ஜெபம். பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகின்றன. சபைக்குப் போவதா பந்தயத்துக்குப் போவதா என்று எந்தப் பிள்ளையும் திண்டாடக் கூடாது, ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டு ஓடட்டும், வீட்டில் உள்ளவர்களும் கூட இருக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். கேட்க அழகாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

"சும்மா யாராவது இவ்ளோ செய்வாங்களா? நாளைக்கே இங்க ஒரு சபை ஆரம்பிச்சு போர்டு மாட்டப் போறாரு, பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறார். ரோட்டில் எவனையும் நம்ப மாட்டார், வண்டியை விட்டு இறங்கினால் எல்லாரையும் நம்புவார். "உனக்கு இயேசப்பாவே வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்ப" என்றார்.

முடிச்சூரில் எங்கள் சபை சின்னது. எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், யார் எந்த வாரம் வரவில்லை என்பதும் தெரியும். எங்கள் பாஸ்டருக்கும் அந்த மைதானத்துப் பாய் பிடிக்கவில்லை. "கிரவுண்டுல பாய் விரிச்சா அது ஆராதனையாயிடுமா சிஸ்டர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டது சிரிப்புக்காக இல்லை என்று எனக்குப் புரிந்தது. அதனால் நாங்கள் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டோம். விடியும்போது மைதானம், வெயில் ஏறியதும் சபை. இரண்டு இடத்திலும் நான் உளவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நானூறு மீட்டர் ஓடுகிறாள். வீட்டில் இருக்கிற இடம் தெரியாது. ஓட ஆரம்பித்தால் மட்டும் இவள் நம் வயிற்றில் பிறந்தவளா என்று தோன்றும். அவளுக்கு வேண்டியதெல்லாம் மாநிலப் போட்டியில் ஓடுவது ஒன்றுதான். அதில் இடம் பிடித்தால் நல்ல கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு கிடைக்கும் என்று நாங்களும் கனவு கண்டுகொண்டிருந்தோம்.

மழைக்காலம் முடிந்த சமயம் அவளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்தது. "பரிட்சை முடியற வரைக்கும் ஓட வேணாம்மா, காலுக்கு ரெஸ்ட் கொடு" என்று கோச் சொல்லிவிட்டார். மைதானத்தில் ஜெபித்தார்கள். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். பரிட்சையும் முடிந்தது. மறுபடி ஓடிப் பார்த்தாள், வலி இல்லை என்றாள். மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வும் ஆகிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரம். சபைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆண்டவர் நமக்குச் செய்த நன்மையை எல்லார் முன்பாகவும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் கிடைத்தது கைவிட்டுப் போய்விடும் என்று ஒரு பயமும் எங்களுக்கு உண்டு. என் வீட்டுக்காரர் அவளைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனார். அவள் மைக்கைப் பிடித்து, "என் கால் வலியை கர்த்தர் பரிபூரணமா சுகமாக்கினார்" என்று நாலு வரி சொன்னாள். சபையே அல்லேலூயா என்றது. என் வீட்டுக்காரர் அதை போனில் எடுத்துச் சொந்தக்கார குரூப்பில் போட்டார். அது கூடுவாஞ்சேரியில் உள்ள நாத்தனார் வழியாக எங்கெங்கோ போய், யார் யாரோ எங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு என் பிள்ளைக்குப் புது உத்தியோகம். சபையில் முட்டி வலிக்காரர்கள் எல்லாம் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். "உன் காலத் தொட்ட தேவன் என் காலையும் தொடட்டும், ஒரு வார்த்தை ஜெபம் பண்ணு பாப்பா" என்று சேலையை முட்டி வரை தூக்கிக் காட்டுவார்கள். அவளும் கூச்சத்தோடு கை வைப்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் வாயைத் திறந்தது மைதானத்தில் என் பக்கத்தில் உட்காரும் ஒரு அம்மா. அவள் பையன் உயரம் தாண்டுகிறான். முடிச்சூரின் பழைய குடும்பம், வயல் இருந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாய். கேட்டால், "புள்ளிங்களுக்கு நல்லது வேணும்னு வேண்டிக்கிறாங்க, கூட குந்திக்கினா இன்னா கொறஞ்சிடப் போவுது" என்பாள். இவள் எதற்காக வருகிறாள் என்றும் எனக்கொரு சந்தேகம் உண்டு, அது இருக்கட்டும். ஒருநாள் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் என்னை முழங்கையால் இடித்தாள்.

"யக்கா, உன் பொண்ணுக்கு எடது கால்ல இன்னாவோ கீது. வளைவுல வரும்போது பாரு, அந்தக் கால ஊனவே மாட்டேங்குது."

"அதெல்லாம் சரியாயிடுச்சு" என்றேன்.

"சரியானா சரி" என்று சொல்லிவிட்டுத் தன் பையனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை மாநிலப் போட்டிக்குப் போகிறாள், இவள் பையன் போகவில்லை, வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் மகளை உட்காரவைத்து முந்தானையால் சுற்றிக் கண்ணேறு கழிக்கக்கூட கை வந்தது. கிறிஸ்தவளாயிற்றே என்று சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டு விட்டேன்.

ஆனால் சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கிய வருஷத்துக்குப் பிறகு நாங்கள் மாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். மகள் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு எப்போது பார்த்தாலும் காலி. குளியலறைக்குள் போனால் வெளியே வர அரை யுகம். வீட்டுக்குள்ளும் முட்டி வரை சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தாள். என்னடி என்றால் ஒன்றுமில்லை. வயசுப் பெண் எதையோ மறைக்கிறாள் என்றால் பெற்றவளுக்குப் புத்தி எங்கே போகும்? பையன் யாரோ இருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். பள்ளிக்கூடப் பையை அலசினேன். பையன் கிடைக்கவில்லை. ஓட்டப் பையை அலசினேன். ஷூவுக்குள் சுருட்டித் திணித்த மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. பாதி காலி. பெயர் கிழிந்துபோயிருந்தது.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஏதேதோ மருந்து கொடுத்து ஓடவைக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்திருக்கிறேன். குறையே இல்லாத அந்த மனிதரின் குறை கடைசியில் என் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பயந்தேன்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், நான் அப்போதே சொன்னேன் பார் என்று ஒரு திருப்தியும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் சொல்கிற மற்றதும் பொய்யாகிவிடும்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மைதானத்து வாசலில் இளநீர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். வேண்டாத இளநீர் ஒன்று குடித்தேன். உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோச் கையைக் காட்டி என் மகளை நிறுத்தினார். அவள் காலைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் மறுபடியும் கேட்டார். அவள் நின்ற இடத்திலேயே இடது காலில் குதித்துக் காட்டினாள், சிரித்துக்கொண்டே. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். அவள் ஓடினாள். வளைவில் வரும்போது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்ததும் நான் இளநீரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

"என்ன மாத்திரை கொடுக்கிறீங்க என் பொண்ணுக்கு?" என்று எல்லார் எதிரிலும் அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கொடுக்கல சிஸ்டர். நான் எந்தப் பிள்ளைக்கும் மாத்திரை கொடுக்கறதில்ல."

"அப்புறம் எதுக்கு அவள குதிக்கச் சொன்னீங்க?"

"நான் சொல்லல. வலி இருக்கான்னு கேட்டேன். இந்த மாசத்துல பல வாட்டி கேட்டுட்டேன். கர்த்தர் சுகமாக்கிட்டாரு சார்னு குதிச்சுக் காட்டறா."

"கேட்டீங்க. அமுக்கிப் பாத்தீங்களா?"

மற்றப் பிள்ளைகள் கால் வலி என்றால் உட்காரவைத்து எலும்பு நெடுக அழுத்திப் பார்ப்பார், நானே பார்த்திருக்கிறேன். அவர் அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சாட்சி சொன்ன பிள்ள சிஸ்டர். அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு. அமுக்கிப் பாத்தா நான் நம்பலன்னு ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. தப்பிக்கப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் என் மகளைக் கூப்பிட்டு அங்கேயே உட்காரவைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டைவிரலால் எலும்பின் மேல் ஒரு இடத்தில் அழுத்தினார். அவள் சத்தம் போடவில்லை. புல்லை ஒரு பிடி பிடுங்கினாள். கண்ணில் தண்ணீர் தானாக வந்தது.

"போதும், எழுந்திரும்மா. இன்னிக்கு ஓட்டம் கிடையாது" என்றார்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கையில் வாங்கியதுமே, "இது என் முதுகு வலி மாத்திரை. சீக்கிரம் தீந்து போவுதேன்னு பாத்தேன்" என்றார். ஊரெல்லாம் தேடிய திருட்டு எங்கள் அலமாரியிலேயே இருந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவர் மேல் கோபப்பட்டேன். எண்ணி வைக்கத் தெரியாதா என்று கத்தினேன். பாவம், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

குரோம்பேட்டையில் எலும்பு டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்தோம். எலும்பில் மெல்லிய கீறல் விட்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் இரண்டாக முறிந்திருக்கும் என்றார் டாக்டர். "எவ்ளோ நாளா வலிக்குது?" என்று அவர் கேட்டபோது மகள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்குப் பெரிய பூட்ஸ் மாதிரி ஒன்று மாட்டி அனுப்பினார்கள். மாநிலப் போட்டி போனது போனதுதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏண்டி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சாட்சி சொல்லிட்டேனேம்மா" என்றாள். "மறுபடி வலிக்குதுன்னு சொன்னா ஆண்டவர் சுகமாக்கவேயில்லன்னு ஆயிடும்ல. அந்த ஆன்ட்டிங்கல்லாம் என் காலப் பாத்துதான் நம்பிக்கினு இருக்காங்க. என்னால அவருக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு நெனச்சேன்."

ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலிலும் எனக்கு அது முழுசாகக் கேட்டது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு என் பிள்ளை தன் கால் எலும்பை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இல்லாத காதலனைச் சந்தேகப்பட்டேன், கோச்சைச் சந்தேகப்பட்டேன், பக்கத்தில் உட்கார்ந்தவளின் கண்ணைச் சந்தேகப்பட்டேன். நல்ல செய்தி என்று வந்ததை மட்டும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அப்போதும் எனக்கு ஒன்று உறுத்தியது. அவள் சொன்னது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை என்று பட்டது. செக்கிங் புத்தி. மேற்கொண்டு கேட்கவில்லை, அவள் களைத்திருந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்தார். நன்றாகத்தான் ஜெபித்தார். புறப்படும்போது படிக்கட்டில் நின்று என்னிடம் மட்டும், "இத சபையில யாரும் பெருசா பேச வேணாம் சிஸ்டர். பலவீனமா இருக்கறவங்க இடறிடுவாங்க. அடுத்த பரிட்சை வருது, அதனால ஓடலன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"பூட்ஸ் போட்டுக்கினா பரிட்சை எழுதறா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சபையில் நாளைக்கு அவளைப் பார்த்து, விசுவாசம் குறைந்துவிட்டதா பாப்பா என்று யாராவது கேட்டால்? கேட்பார்கள், எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருப்பதே பிள்ளைக்கு நல்லதோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போக வேண்டாம் என்றேன். மகள் போயே தீருவேன் என்றாள். என் வீட்டுக்காரர் வேனில் கொண்டுபோய் இறக்கினார். அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும் கோச் எழுந்து நின்றார்.

"இனிமே ஜெபத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா எங்க வலிக்குதுன்னு சொல்லணும். ஜெபம் முடிஞ்ச பிறகும் கேப்பேன். அப்பவும் வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லணும். அதனால ஆண்டவர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. நான் அமுக்கியும் பாப்பேன். ஒரு பிள்ளையோட கால நான் பாக்காம விட்டேன், அது என் தப்பு."

நல்ல ஏற்பாடு, தன் தலை தப்ப என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண் கலங்கியிருந்தது நிஜமா, நடிப்பா என்றுகூட உற்றுப் பார்த்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்திக்குத் தொடை. ஒருவனுக்குக் குதிகால். உயரம் தாண்டும் பையன் இடுப்பு என்றதும் அவன் அம்மா, "வூட்ல சொல்லவே இல்லியேடா" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அப்படியே வட்டம் எங்கள் பக்கம் வந்தது. சுற்றிலும் நாலைந்து குடும்பங்கள், அதில் எங்கள் சபைக்கு வருகிறவர்களும் உண்டு. படிக்கட்டில் பாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அவளுக்காக நானே ஏதாவது சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எடது கால்ல வலி இருக்கு சார்" என்றாள் மகள். "இப்பவும் இருக்கு."

பழக்கத்தில் யாரோ ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கோச் தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்த்தார். ஆனால் இவள் முடிக்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே என் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"அன்னிக்கு சபையில மைக் புடிச்சிக்கினு நிக்கும்போதே வலிச்சுதும்மா. சொல்லிடலாம்னுதான் பாத்தேன். நீ முன் வரிசையில உக்காந்து சந்தோஷத்துல அழுதுக்கினு இருந்த."